புதிதாகப் பல் கிளினிக் தொடங்குகிறவர்களுக்கு: பாதுகாப்பும் சட்ட விதிகளும், செய்ய வேண்டிய வரிசையில்

தமிழ்நாட்டில் ஒன்றிரண்டு நாற்காலிகளோடு பல் கிளினிக் திறக்கப்போகும் இளம் மருத்துவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏற்கெனவே நடத்துகிறவர்களும் தங்கள் கிளினிக்கை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள இது உதவும்.

கிளினிக்குகள் திறக்கப்படுவதை அருகிலிருந்து பார்த்ததில் எனக்குத் தெளிவான ஒன்று உண்டு. விதி தெரியாமல் மீறுகிறவர்கள் குறைவு. பல்லைக் குடையப் பிடிக்கும் ஹேண்ட்பீஸ் போதாமல், அழுக்குக் கருவியை வைக்க இடம் இல்லாமல், ஊசிப் பெட்டி கைக்கு எட்டாமல் மீறுகிறவர்களே அதிகம். அதனால் இந்த வழிகாட்டியில் இடமும் எண்ணிக்கையும் முதலில் வருகின்றன, பதிவேடுகள் பின்னால் வருகின்றன.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

தமிழ்நாடு பல் மருத்துவ மன்றத்தின் பதிவுச் சான்றிதழ் நடப்பில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வேறு மாநிலத்தில் படித்து அங்கே பதிவு செய்தவர்கள், இங்கே பதிவை மாற்றிக்கொண்ட பிறகே அடுத்த அடி எடுத்துவைக்க வேண்டும். மற்ற எல்லா விண்ணப்பங்களும் இந்த எண்ணைக் கேட்கும்.

இதனுடன் வாடகை ஒப்பந்தம் அல்லது சொத்து வரி ரசீது, அளவுகளோடு வரைந்த தரை வரைபடம், பணியாளர் பட்டியல், வாங்கப்போகும் கருவிகளின் பட்டியல் ஆகியவற்றைத் தயார் செய்யுங்கள். வரைபடத்தைக் கையால் கிறுக்காமல் ஒழுங்காக வரைந்து வாங்கிவிடுங்கள். பதிவு, எக்ஸ்ரே, கழிவு என மூன்று அலுவலகங்களுக்கும் அதே படம் போகும். மூன்றிலும் மூன்று விதமாக அறை இருந்தால் கேள்வி வரும்.

2. இடத்தை முடிவு செய்யும்போதே பார்க்க வேண்டியவை

முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்த இடத்தில் நின்று, பயன்படுத்திய கருவி ஒன்று நாற்காலியிலிருந்து எந்த வழியாகப் போகும் என்று நடந்து பாருங்கள். அழுக்குக் கருவி வைக்கும் இடம், கழுவும் தொட்டி, உலர்த்திப் பொட்டலமிடும் மேசை, நீராவி அழுத்தத்தால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ், சுத்தமான அலமாரி என்று ஒரே திசையில் போக வேண்டும். சுத்தமானதும் அழுக்கானதும் ஒரே மேசையில் சந்தித்தால், எவ்வளவு கவனமான உதவியாளருக்கும் ஒருநாள் கை மாறிவிடும். தனி அறை இல்லையென்றால் எட்டடிச் சுவர் ஒன்று போதும். வரிசைதான் முக்கியம்.

கருவி கழுவும் தொட்டியும் கை கழுவும் தொட்டியும் வெவ்வேறாக இருக்க வேண்டும். பல இடங்களில் ஒரே தொட்டிக்குத்தான் குழாய் இருக்கும். இரண்டாவது குழாயைத் தரைக்கு டைல்ஸ் போடுவதற்கு முன்பே கேட்டு வாங்குங்கள்.

எக்ஸ்ரே கருவி எந்தச் சுவரைப் பார்த்து நிற்கும், அந்தச் சுவருக்கு அப்பால் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்பதையும் அன்றே பாருங்கள். காத்திருப்போர் இருக்கைகள் அங்கே இருந்தால் வரைபடத்தை மாற்றுங்கள். கம்ப்ரசருக்குக் காற்றோட்டமுள்ள இடம், கழிவுப் பைகளுக்குப் பூட்டக்கூடிய மூலை, சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம், தீயணைப்பானுக்குக் கண்ணில் படும் சுவர் ஆகியவற்றையும் வரைபடத்தில் குறியுங்கள்.

3. அனுமதிகளை எந்த வரிசையில் வாங்குவது

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஓர் அலுவலகத்துக்குப் போனால் வேறோர் அலுவலகத்தின் தாளைக் கேட்கிறார்கள். எது எதன் மேல் நிற்கிறது என்று தெரிந்துகொண்டால் அலைச்சல் பாதியாகக் குறையும்.

முதலில் உங்கள் பகுதிக்கான பொது மருத்துவக் கழிவு சுத்திகரிப்பு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடுங்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை வண்டி வரும் என்பது அந்த ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். காரணம் 8ஆம் பகுதியில் வருகிறது.

அடுத்து, அந்த ஒப்பந்தத்தை இணைத்து, மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் 2016-இன் கீழ் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் படிவம் 2-இல் விண்ணப்பியுங்கள். கழிவின் அளவு எவ்வளவு சிறிதாக இருந்தாலும் இந்த அங்கீகாரம் வேண்டும். ‘ஒரு நாற்காலி கிளினிக்குக்குத் தேவையில்லை’ என்று சொல்லப்படுவது உண்மையல்ல. படுக்கை வசதி இல்லாத கிளினிக்குகளுக்கு ஒருமுறை வாங்கும் அங்கீகாரமாகவே இது தரப்படுகிறது. ஆனால் ஆண்டறிக்கை ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

மூன்றாவது, தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் முறைப்படுத்துதல் சட்டம் 1997, அதற்கான 2018-ஆம் ஆண்டு விதிகள் ஆகியவற்றின்படி பதிவு. பல் கிளினிக்குகளும் இதற்குள் வருகின்றன. விண்ணப்பம் மாவட்டத்தில் நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக்குப் போகும். ஆய்வுக்கு வருவார்கள். அவர்கள் வருவதற்குள் முந்தைய இரண்டு தாள்களும் கையில் இருந்தால் வேலை ஒரே வருகையில் முடியும்.

எக்ஸ்ரே தனிப் பாதை. அது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கீழ் வருகிறது. ‘இ-லோரா’ என்ற இணையதளத்தில் உங்கள் கிளினிக்கைப் பதிவு செய்து, அதன் வழியாகவே எல்லாவற்றையும் செய்ய வேண்டும். பல்லுக்குள் எடுக்கும் சிறு எக்ஸ்ரே, முழுத்தாடை எடுக்கும் ஓபிஜி, முப்பரிமாணத்தில் எடுக்கும் சிபிசிடி ஆகிய மூன்றுக்கும் பதிவு தேவை. வாங்குவதற்கு முன்பே அந்த மாடல் வாரியத்தின் வகை ஒப்புதல் பெற்றதா என்று விற்பனையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். கையில் பிடித்து எடுக்கும் சிறிய கருவிகளில் ஒப்புதல் இல்லாதவை மலிவாகக் கிடைக்கின்றன. பணம் கொடுத்த பிறகு அதைப் பதிவு செய்ய வழி இருக்காது. பொருத்தியதும் தரச் சோதனை அறிக்கையை வாங்கிக்கொள்ளுங்கள். பதிவு எண் வந்த பிறகே முதல் படம் எடுக்க வேண்டும்.

பழைய கருவியை வேறொருவரிடமிருந்து வாங்குவதும், உங்களுடையதை விற்பதும், பழைய இரும்புக் கடைக்குப் போடுவதும்கூட வாரியத்துக்குத் தெரிவித்துச் செய்ய வேண்டியவை. கருவி கை மாறினாலும் பதிவில் உங்கள் பெயர் இருக்கும்வரை பொறுப்பு உங்களுடையது.

உள்ளாட்சி அமைப்பின் தொழில் உரிமம் போன்றவை ஊருக்கு ஊர் சற்று மாறும். நகராட்சி அலுவலகத்தில் ஒருமுறை நேரில் கேட்டால் முடிந்துவிடும்.

4. பணியாளர் முதல் நாள் வேலைக்கு வருவதற்கு முன்

உதவியாளரை வேலைக்குச் சேர்த்தவுடன் கருவி கழுவச் சொல்லிவிடுகிறோம். கிளினிக்கில் ஊசியும் பிளேடும் குத்தும் வாய்ப்பு அதிகமுள்ள வேலை அதுதான். மஞ்சள் காமாலை பி (ஹெபடைட்டிஸ் பி) தடுப்பூசி போடாத ஒருவருக்கு, அந்தக் கிருமி உள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி குத்தினால், தொற்றும் வாய்ப்பு எச்.ஐ.வி.யைவிடப் பல மடங்கு அதிகம். எச்.ஐ.வி.க்கு அது ஏறத்தாழ 0.3 சதவீதம். மஞ்சள் காமாலை பி-க்கு 30 சதவீதம் வரை போகலாம்.

தடுப்பூசி மூன்று தவணை: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்து. கடைசித் தவணைக்கு ஒன்றிரண்டு மாதங்களுக்குப் பிறகு எதிர்ப்புச் சக்தி அளவை இரத்தத்தில் பாருங்கள். 10 அலகுக்குக் (mIU/mL) கீழே இருந்தால் மறுபடி போட வேண்டும். இந்தக் கடைசிச் சோதனையைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். ஊசி போட்டவர்கள் எல்லாருக்கும் எதிர்ப்புச் சக்தி வந்துவிடுவதில்லை என்பதால்தான் அது தேவைப்படுகிறது.

மஞ்சள் காமாலை பி, டெட்டனஸ் இரண்டுக்கும் தடுப்பூசி, சேரும்போதும் ஆண்டுக்கொருமுறையும் உடல் பரிசோதனை, கழிவுப் பயிற்சி ஆகியவை 2016 விதிகளிலேயே முதலாளியின் கடமையாகச் சொல்லப்பட்டவை. ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு வைத்து அதில் தேதிகளை எழுதுங்கள். தடுப்பூசிச் செலவைச் சம்பளத்தில் பிடிக்க வேண்டாம். பிடித்தால் இரண்டாவது தவணைக்கு யாரும் போகமாட்டார்கள்.

5. கருவிச் சுத்திகரிப்பு

இந்தப் பகுதிக்கு அதிக இடம் தருகிறேன். நோயாளிக்கு நேரடியாகத் தீங்கு வருவது பெரும்பாலும் இங்கிருந்துதான்.

எண்ணிக்கையில் தொடங்குவோம். பயன்படுத்திய ஒரு ஹேண்ட்பீஸ் மறுபடி நாற்காலிக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? கழுவித் துடைக்கப் பத்து நிமிடம், எண்ணெய் விட்டுப் பொட்டலமிட ஐந்து, ஆட்டோகிளேவ் சுற்று உலர்த்தலோடு நாற்பத்தைந்து, ஆற வைக்கப் பத்து. மொத்தம் எழுபது நிமிடம். அரை மணிக்கு ஒரு நோயாளி என்றால் சுழற்சியில் எப்போதும் மூன்று இருக்கும். வாயில் ஒன்று, பழுதுக்கு ஒன்று. ஒரு நாற்காலிக்கு ஐந்து வேண்டும். இரண்டே ஹேண்ட்பீஸ் வைத்திருக்கும் கிளினிக்கில் மாலை ஆறு மணிக்குக் கூட்டம் சேர்ந்ததும் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து அடுத்தவர் வாயில் வைக்கிறார்கள். ஹேண்ட்பீஸின் உட்குழாயில் எச்சிலும் இரத்தமும் உறிஞ்சப்பட்டிருக்கும். வெளியே துடைப்பதால் அது போகாது. கிளினிக் தொடங்கும் செலவில் உள் அலங்காரத்தைக் குறைத்துக்கொண்டு ஹேண்ட்பீஸ் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

இனி வரிசை:

நாற்காலி அருகிலேயே கருவியை ஈரமாக வையுங்கள். காய்ந்த இரத்தம் ஒட்டிக்கொள்ளும், பிறகு தேய்த்தாலும் போகாது. மூடியுள்ள தட்டில் எடுத்துப் போங்கள்.

கழுவாமல் ஆட்டோகிளேவில் வைக்கக் கூடாது. நீராவி படியும் இடத்தில்தான் கிருமி சாகும். மேலே இரத்தப் படலம் இருந்தால் அதற்கடியில் நீராவி படியாது. கையால் தேய்ப்பதைவிட அல்ட்ராசோனிக் தொட்டி நல்லது. கை குறைவாகத் தொடும், மூட்டுகளுக்குள்ளும் போகும். தொட்டிக் கரைசலைத் தினமும் மாற்றுங்கள். கழுவுகிறவர் தடிமனான ரப்பர் கையுறை போட வேண்டும். நோயாளிக்குப் போடும் மெல்லிய கையுறையைப் பல்லில் படிந்ததைச் சுரண்டும் ஸ்கேலரின் முனை சுலபமாகக் கிழித்துவிடும்.

அலசி, முழுதாக உலர்த்தி, கீல் உள்ள கருவிகளைத் திறந்த நிலையில் பொட்டலமிடுங்கள். ஒவ்வொரு பொட்டலத்திலும் தேதி, சுற்று எண், போட்டவர் பெயரின் முதலெழுத்து இருக்கட்டும். நாளை ஒரு சுற்று தவறியது தெரிந்தால் எந்தெந்தப் பொட்டலங்களைத் திரும்ப எடுப்பது என்று அப்போதுதான் தெரியும்.

தட்டில் பொட்டலங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்து அடுக்காதீர்கள். நிறுத்தி, இடைவெளி விட்டு வையுங்கள். தவறிய சுற்றுகளுக்கு நான் அடிக்கடி கண்ட காரணம் நெருக்கி அடைத்ததுதான்.

ஹேண்ட்பீஸ் போன்ற குழல் கருவிகளுக்குக் காற்றை முன்கூட்டியே உறிஞ்சி எடுக்கும் பி வகை ஆட்டோகிளேவ் வேண்டும். உள்ளே காற்று நின்றால் நீராவி நுழையாது. பிரஷர் குக்கர் வகை மட்டுமே இருந்தால், நீராவி சீராக வரும்வரை காற்றை வெளியேற்றிவிட்டு வால்வை மூடுங்கள். பொட்டலமிட்ட கருவிகளுக்கு, 121 டிகிரி தொட்ட பிறகு 30 நிமிடம் எண்ணுங்கள். அடுப்பை ஏற்றிய நேரத்திலிருந்து எண்ணுவது தவறு. தொட்டியில் காய்ச்சி வடித்த நீர் மட்டும் ஊற்றுங்கள்.

ஈரமாக வெளியே வரும் பொட்டலம் சுத்தமானதல்ல. ஈரத்தாளின் வழியே கிருமி உள்ளே போகும். மறுபடி போடுங்கள்.

வேலை நடந்ததா என்று எப்படி அறிவது? பொட்டலத்தின் மேல் ஒட்டும் நாடாவில் கோடு கறுத்தால், அது வெப்பத்தைக் கண்டது என்று மட்டுமே பொருள். போதுமான நேரம் கண்டதா என்பதை அது சொல்லாது. உள்ளே வைக்கும் ஐந்தாம் வகை ரசாயனப் பட்டை வெப்பம், நேரம், நீராவி மூன்றையும் சேர்த்துக் காட்டும். இவற்றுக்கு மேல் வாரம் ஒருமுறை ஸ்போர் சோதனை செய்ய வேண்டும். வெப்பத்தை மிகவும் தாங்கக்கூடிய ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் கிருமியின் வித்துகளைக் குப்பியில் வைத்து, ஆட்டோகிளேவில் ஏற்றி, பிறகு வளர்கிறதா என்று பார்ப்பது. அதே பெட்டியிலிருந்து இன்னொரு குப்பியை ஆட்டோகிளேவில் வைக்காமல் வளர்க்க வேண்டும். அது வளர்ந்தால்தான் குப்பி நல்ல குப்பி. இந்த இரண்டாவது குப்பியை மிச்சம் பிடிக்கிறவர்கள் உண்டு. அதில்லாமல் வந்த ‘வளரவில்லை’ என்ற முடிவுக்குப் பொருளே இல்லை.

புற ஊதா விளக்குப் பெட்டி கருவியைச் சுத்திகரிக்காது. ஏற்கெனவே சுத்திகரித்ததை வைக்கும் இடம் அது, அவ்வளவுதான். வெந்நீரில் கொதிக்கவைப்பதும் போதாது. 2 சதவீத குளூட்டரால்டிஹைடில் இருபது நிமிடம் போட்டால் வித்துகள் சாவதில்லை. முழுச் சுத்திகரிப்புக்குப் பத்து மணி நேரம் ஊற வேண்டும். வெப்பம் தாங்கும் எந்தக் கருவிக்கும் இதைப் பயன்படுத்தக் காரணமில்லை.

6. தண்ணீர், சலைன், மரப்பு மருந்துக் குப்பி

திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கோடு தொடர்புடைய மூளைத் தொற்றுகளை வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தினரும் ஆராய்ந்து 2025-இல் வெளியிட்டார்கள். 2022-23-இல் மெலியோய்டோசிஸ் என்னும் பாக்டீரியாத் தொற்று மூளையைத் தாக்கிய நோயாளிகளில் பத்துப் பேர் அந்த ஒரே கிளினிக்கில் சிகிச்சை பெற்றவர்கள். அவர்களில் எட்டுப் பேர் இறந்தார்கள். சலைன் பாட்டிலைச் சுத்திகரிக்காத பெரியாஸ்டியல் எலிவேட்டரால் (ஈறை எலும்பிலிருந்து விலக்கும் கருவி) திறந்து, தளர மூடி வைத்து, அடுத்தடுத்த நோயாளிகளுக்கும் பயன்படுத்தியது காரணமாகச் சுட்டப்பட்டது. பல் பிடுங்கிய குழியைக் கழுவும் ஒரு பாட்டில் உப்புநீர் செய்த வேலை அது. தமிழ்நாட்டில் பல் மருத்துவம் செய்யும் ஒவ்வொருவரும் அந்த ஆய்வின் முடிவைத் தெரிந்திருக்க வேண்டும்.

அறுவை வேலைக்கு ஒரு நோயாளிக்கு ஒரு சலைன் பாட்டில். 100 மில்லி பாட்டிலாக வாங்குங்கள். 500 மில்லி வாங்கினால் மீதியைக் கொட்ட மனம் வராது. திறப்பது சுத்திகரித்த ஊசியால் அல்லது கத்தரியால். மீதியைக் கொட்டிவிட்டுப் பாட்டிலை அதே நோயாளியின் கழிவோடு சேருங்கள். எலும்பைத் தொடும் எந்த வேலைக்கும் நாற்காலிக் குழாயின் நீரைப் பயன்படுத்தக் கூடாது.

நாற்காலிக் குழாயின் உட்சுவரில் வழுவழுப்பான கிருமிப் படலம் வளரும். குழாய் மெல்லியது, நீர் பெரும்பாலும் தேங்கி நிற்கும். காலையில் எல்லா முனைகளையும் இரண்டு நிமிடமும், ஒவ்வொரு நோயாளிக்குப் பின்னும் 20 முதல் 30 வினாடியும் ஓடவிடுங்கள். இது முந்தைய நோயாளியின் வாயிலிருந்து பின்வாங்கியதைத் தள்ளும், படலத்தை அகற்றாது. படலத்துக்குத் தயாரிப்பாளர் சொல்லும் மருந்தை, சொன்ன இடைவெளியில் செலுத்த வேண்டும். மேல்தொட்டி நீரை நேரடியாக இணைக்காமல், தனி பாட்டிலில் நல்ல நீர் ஊற்றும் வகை நாற்காலி வாங்குவது நல்லது. நாம் அடைய வேண்டிய அளவு, ஒரு மில்லி நீரில் 500 கிருமித் திரள்களுக்கு மிகாமல் இருப்பது.

நம் ஊரில் பலரும் 30 மில்லி லிக்னோகெய்ன் குப்பியையும் 2 மில்லி சிரிஞ்சையும் பயன்படுத்துகிறோம். குப்பியின் ரப்பர் மூடியில் ஓர் ஊசியைக் குத்தி நிரந்தரமாக நிறுத்திவைத்து, சிரிஞ்சை மட்டும் மாற்றி மாற்றி எடுக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அந்த ஊசித் துளை குப்பிக்குள் திறந்த வழி. ஒவ்வொரு முறையும் புதிய ஊசி, புதிய சிரிஞ்சு. மூடியை ஸ்பிரிட்டால் துடைத்து, காய்ந்த பிறகு குத்துங்கள். மரப்பு போதாமல் அதே நோயாளிக்கு இரண்டாம் முறை எடுக்கும்போதும் அப்படித்தான். வாய்க்குள் போன ஊசி குப்பிக்குத் திரும்பக் கூடாது. திறந்த தேதியைக் குப்பியில் எழுதி, 28 நாளில் மீதி இருந்தாலும் அகற்றுங்கள்.

7. இரண்டு நோயாளிகளுக்கு நடுவே

கையுறையைக் கழற்றியதும் கை கழுவ வேண்டும். கையுறையின் மேல் ஸ்பிரிட் தடவி அடுத்தவரைப் பார்ப்பது கூடாது. லைட் கைப்பிடி, ஹேண்ட்பீஸ் குழாய், தலைசாய்க்கும் பகுதி, எக்ஸ்ரே பொத்தான் ஆகியவற்றை நோயாளிக்கு நோயாளி மாற்றும் பிளாஸ்டிக் உறையால் மூடிவிட்டால் துடைக்கும் வேலை குறையும்.

தரைக்கும் எச்சில் தொட்டிக்கும் 1 சதவீத ஹைப்போகுளோரைட் போதும். கடையில் 5 சதவீதமாக வருவதில் ஒரு பங்குக்கு நான்கு பங்கு நீர். தினமும் புதிதாகக் கலக்குங்கள், நேற்றையது வலு இழந்திருக்கும். உலோகக் கருவிகளை இதில் போட்டால் அரிக்கும். ஆசிட் கழுவியோடு ஒருபோதும் கலக்கக் கூடாது, நச்சு வாயு வரும்.

லேபுக்கு அனுப்பும் அளவு அச்சுகளை அலசி, கிருமிநீக்கி அடித்து, பையில் ‘கிருமி நீக்கப்பட்டது’ என்று எழுதி அனுப்புங்கள். லேபில் வேலை செய்கிறவரும் ஒரு பணியாளர்தான்.

8. கழிவு

வண்ணப் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி முடித்த தட்டைப் பாருங்கள். இரத்தப் பஞ்சும் பல்லும் மஞ்சள் பை. கையுறை, சக்‌ஷன் குழாய், ஊசி நீக்கிய சிரிஞ்சு, சலைன் பாட்டில் சிவப்புப் பை. ஊசி, பிளேடு, தையல் ஊசி, தேய்ந்த பர் (குடையும் முனை), வேர்க்குழாயைத் தேய்க்கும்போது உடைந்த ஃபைல் எல்லாம் குத்தித் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டி. காலியான மருந்துக் கண்ணாடிக் குப்பி நீல அடையாளமிட்ட பெட்டி. முகக்கவசம் மஞ்சள். கையுறை வந்த அட்டைப்பெட்டி சாதாரணக் குப்பை.

வெள்ளைப் பெட்டி மருத்துவரின் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அடுத்த அறையில் இருந்தால், மூடி போடாத ஊசியைத் தூக்கிக்கொண்டு யாராவது நடப்பார்கள். முக்கால் பங்கு நிரம்பியதும் மூடிவிடுங்கள். ஊசிக்கு மூடி போட்டே ஆக வேண்டிய இடத்தில், மூடியைத் தட்டில் வைத்து ஒரே கையால் ஊசியை அதற்குள் நுழைத்து எடுங்கள்.

பாதரசம் கலந்த வெள்ளி அடைப்பு (அமால்கம்) உள்ள பல்லை மஞ்சள் பையில் போடக் கூடாது. மஞ்சள் பை எரிக்கப்படுகிறது. எரித்தால் பாதரசம் ஆவியாகிக் காற்றில் போகும். அப்படிப்பட்ட பற்களையும் மிஞ்சிய அமால்கத்தையும் காற்றுப்புகாத பாட்டிலில் நீருக்கடியில் தனியே வைத்து, சுத்திகரிப்பு நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேட்டு அனுப்புங்கள். எக்ஸ்ரே ஃபிலிமுக்குள் இருக்கும் ஈயத் தகடும், ஃபிலிம் கழுவப் பயன்படும் ஃபிக்சர் திரவமும் இதேபோல் தனியானவை. சாக்கடையில் ஊற்ற வேண்டாம்.

இரத்தப் பஞ்சு போன்ற கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் கிளினிக்கில் வைத்திருக்கக் கூடாது. சிறு ஊர்களில் வண்டி அதைவிடத் தாமதமாக வரும். அதனால்தான் வரும் நாட்களை ஒப்பந்தத்தில் எழுதச் சொன்னேன். வண்டி வராத நாளில் தொலைபேசியில் சொன்னால் மட்டும் போதாது, நிறுவனத்துக்கும் வாரியத்துக்கும் மின்னஞ்சல் அனுப்பி அதன் நகலை வையுங்கள். பைகளில் பார்கோடு ஒட்டி, எடையைப் பதிவேட்டில் அன்றன்றே எழுதுங்கள். மாதக் கடைசியில் ஒரே பேனாவில் முப்பது நாளையும் நிரப்பிய பதிவேட்டை ஆய்வாளர் முதல் பக்கத்திலேயே கண்டுபிடிப்பார். நிறுவனத்தின் ரசீதோடு அது ஒத்துப்போகாது.

முந்தைய ஆண்டுக்கான அறிக்கையைப் படிவம் 4-இல் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 30-க்குள் வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். பதிவுகளை ஐந்து ஆண்டுகள் வையுங்கள்.

9. எக்ஸ்ரே எடுக்கும்போது

நோயாளியின் வாயில் ஃபிலிமையோ சென்சாரையோ உதவியாளர் விரலால் பிடிக்கக் கூடாது. தாங்கியைப் பயன்படுத்துங்கள். குழந்தை என்றால் ஈய ஆப்ரன் அணிந்த பெற்றோர் பிடிக்கலாம், கர்ப்பிணி மட்டும் கூடாது. எடுப்பவர் குறைந்தது இரண்டு மீட்டர் தள்ளி, கதிர் போகும் நேர்க்கோட்டில் இல்லாமல், அதற்குப் பக்கவாட்டிலோ சற்றுப் பின்னாலோ நிற்க வேண்டும். தூரம் இரட்டிப்பானால் கதிர் அளவு கால் பங்காகக் குறையும்.

கதிர்வீச்சுப் பணியாளருக்கான வரம்பு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓராண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. பொதுமக்களுக்கு 1 மட்டுமே. பல் எக்ஸ்ரேயின் கதிர் மிகக் குறைவு என்பது உண்மை. ஆனால் நோயாளி ஆண்டுக்கு ஓரிரு முறை படுகிறார், உதவியாளர் தினமும் அங்கேயே நிற்கிறார்.

ஈய ஆப்ரனை மடித்து வைத்தால் மடிப்பில் விரிசல் விடும். கம்பியில் தொங்கவிடுங்கள். கர்ப்பிணிகள் தெரிவிக்கச் சொல்லும் அறிவிப்பைத் தமிழில் ஒட்டுங்கள்.

10. ஊசி குத்திவிட்டால்

குத்திய இடத்தைப் பிதுக்க வேண்டாம், வாயில் வைத்து உறிஞ்ச வேண்டாம். ஓடும் நீரில் சோப்பால் கழுவுங்கள். கண்ணில் தெறித்திருந்தால் நீரால் மட்டும் கழுவுங்கள். உடனே அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், 72 மணி நேரத்துக்குப் பின் பயனில்லை. இரவு எட்டரை மணிக்குக் குத்தினால் எங்கே போவது என்பதை முன்பே விசாரித்து, முகவரியையும் தொலைபேசி எண்ணையும் கழுவும் தொட்டிக்கு மேலே ஒட்டுங்கள்.

நோயாளியிடம் இரத்தப் பரிசோதனைக்கு ஒப்புதல் கேட்டே எடுக்க வேண்டும். எச்.ஐ.வி. இருப்பதைக் காட்டி யாருக்கும் சிகிச்சை மறுக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் சொல்கிறது. எல்லா நோயாளிக்கும் ஒரே அளவு பாதுகாப்பு எடுக்கிற கிளினிக்குக்கு மறுக்க வேண்டிய தேவையும் வராது.

ஊசி குத்திக்கொண்ட உதவியாளரைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை சொல்லமாட்டார்.

11. அவசர மருந்துப் பெட்டி

அட்ரினலின், ஆஸ்பிரின், நாக்கடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின், சால்பியூட்டமால் இன்ஹேலர், குளுக்கோஸ், ஒவ்வாமைக்கான ஊசி, ஆக்சிஜன் சிலிண்டர், கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பை, முகமூடியோடு. கடும் ஒவ்வாமையில் பெரியவர்களுக்கு ஆயிரத்தில் ஒன்று வீரியமுள்ள அட்ரினலின் அரை மில்லி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். இதைப் பெட்டி மூடியின் உட்புறம் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். அந்த நேரத்தில் யாருக்கும் அளவு நினைவுக்கு வராது. மாதம் ஒருமுறை காலாவதித் தேதியைப் பார்ப்பதோடு, ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்தும் பாருங்கள். திறக்கும் சாவி காணாமல் போயிருப்பது வழக்கம். 108-ஐ யார் அழைப்பது, யார் வாசலில் நின்று வண்டிக்கு வழி காட்டுவது என்று பெயர் சொல்லிப் பிரித்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை பாருங்கள்.

12. ஒப்புதலும் நோயாளி பதிவும்

ஒப்புதல் படிவம் நோயாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் போதும் என்ற எண்ணம் தவறு. நோய், சிகிச்சை முறை, ஆபத்துகள், மாற்று வழிகள் சொல்லப்பட்டனவா என்பதுதான் கேள்வி. சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பரிசோதனைக்குத் தந்த ஒப்புதல் சிகிச்சைக்கும், ஒரு சிகிச்சைக்குத் தந்தது இன்னொன்றுக்கும் செல்லாது என்பது அந்தத் தீர்ப்பின் முக்கியப் பகுதி. மேல் பல்லுக்கு மரத்துப்போகச் செய்துவிட்டு, பக்கத்துப் பல்லும் மோசமாக இருக்கிறதே என்று கேட்காமல் எடுப்பது இதில் அடங்கும்.

ஒவ்வொரு நோயாளியின் பதிவிலும் அன்று பயன்படுத்திய ஆட்டோகிளேவ் சுற்று எண்ணையும், இம்ப்ளான்ட் என்றால் அதன் தொகுதி எண் ஸ்டிக்கரையும் சேருங்கள். மருந்துச் சீட்டை உங்கள் மன்றப் பதிவு எண்ணோடு அச்சடியுங்கள்.

13. நாள்காட்டி

சுவரில் ஒரு தாள் போதும். தினமும்: குழாய் ஓட்டுதல், ரசாயனப் பட்டை, கழிவு எடை. வாரம்: ஸ்போர் சோதனை. மாதம்: அவசரப் பெட்டி, குப்பித் தேதிகள். ஆண்டு: உடல் பரிசோதனை, கழிவுப் பயிற்சி, ஜூன் 30 அறிக்கை, தீயணைப்பான் நிரப்புதல். மருத்துவ நிறுவனப் பதிவு, எக்ஸ்ரே பதிவு, தரச் சோதனை ஆகியவற்றின் முடிவுத் தேதிகளைச் சான்றிதழிலிருந்து பார்த்து, மூன்று மாதம் முன்னதாகக் குறித்துவையுங்கள்.

ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒருவரின் பெயர் இருக்க வேண்டும், அவர் விடுப்பில் போனால் செய்பவரின் பெயரும் இருக்க வேண்டும். ஆய்வுக்கு வருகிறவர்கள் மருத்துவரை விட்டுவிட்டு உதவியாளரிடம் நேரடியாகக் கேட்பார்கள்: இந்த ஊசியை எங்கே போடுவீர்கள், ஸ்போர் சோதனை கடைசியாக எப்போது நடந்தது, குத்திவிட்டால் என்ன செய்வீர்கள் என்று. மாதம் ஒருமுறை மதிய இடைவேளையில் இதே மூன்று கேள்விகளை நீங்களே அவரிடம் கேளுங்கள்.